விட்ட எழுத்தைத் தேடாதே

அன்பு மகளுக்கு,

அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமத் தேர்வில் தேறிய செய்தியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாய். மேசைக்கு மேலே சுவரில் பெரிதாக ஒரு மோர்ஸ் அட்டவணை, 26 எழுத்துக்கும் பத்து இலக்கத்துக்கும் புள்ளியும் கோடுமாக. தேறியதற்கான சந்தோஷத்தையெல்லாம் போனிலேயே கத்தித் தீர்த்துவிட்டேன், அதை மறுபடி எழுதவில்லை. அந்த அட்டவணையை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடு.

அதைப் பார்த்துப் படித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒலி காதில் விழும். மூளை அதைப் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றும், எத்தனை என்று எண்ணும், பிறகு தலைக்குள் ஒட்டிவைத்த அட்டவணையில் தேடும், கடைசியில்தான் எழுத்து கிடைக்கும். நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் இவ்வளவுக்கும் நேரம் இருக்கும். 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளமே 60 மில்லிசெகண்டுதான். எஸ் என்ற எழுத்து, மூன்று புள்ளி, 300 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். எச், நான்கு புள்ளி, 420. ஐந்து என்ற இலக்கத்துக்கு ஐந்து புள்ளி, 540. இந்த வேகத்தில் யாரும் எண்ணிப் பிரிப்பதில்லை. கேட்டுப் பழகியவர்களுக்கு அவை மூன்றும் மூன்று வேறு ஒலிகள், அவ்வளவுதான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ‘அம்மா’வில் மூன்று எழுத்து இருக்கிறது என்று எண்ணிவிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாய்?

அதனால் புள்ளி, கோடு என்ற பேச்சையே விட்டுவிடு. குறுகிய ஒலி டி, நீண்ட ஒலி டா. கே என்றால் டா-டி-டா. எம் என்றால் டா-டா. வாயால் சொல்லிப் பார், தாளில் வரைந்து பார்க்காதே.

எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். 1930களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் காட்டிய வழி இருக்கிறது, இன்றைய பயிற்சிச் செயலிகள் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகின்றன. முதல் நாளிலிருந்தே முழு வேகம், ஆனால் இரண்டே எழுத்து. அந்த இரண்டும் கலந்து கலந்து வரும். நூற்றுக்கு 90 சரியாக எழுத வந்ததும் மூன்றாவது எழுத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு நான்காவது. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுவதைவிட இது நல்லது என்பது என் அபிப்பிராயம். மெதுவான எஸ்ஸும் வேகமான எஸ்ஸும் காதுக்கு ஒன்றல்ல. மெதுவாகப் படித்தவர் பின்னால் ஒவ்வோர் எழுத்தையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

செயலியில் ‘கேரக்டர் ஸ்பீட்’, ‘எஃபெக்டிவ் ஸ்பீட்’ என்று இரண்டு அமைப்பு இருக்கும். முன்னதை 20இல் வைத்துத் தொடாமல் விடு. பின்னதை எட்டிலோ பத்திலோ வை. எழுத்து வேகமாகவே ஒலிக்கும், எழுத்துகளுக்கு நடுவே மட்டும் மூச்சுவிட இடம் கிடைக்கும். இதை ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பார்கள். ஒரு எச்சரிக்கை: அந்த இடைவெளியில் உட்கார்ந்து எண்ணும் பழக்கமும் வந்துவிடும், ஆகவே கொஞ்சம் பழகியதுமே அதைக் குறைத்துக்கொண்டே வா. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். காலையில் கால் மணி, இரவில் கால் மணி போதும். களைத்த காது கற்றுக்கொள்ளாது.

இனி சொல்லப்போவதுதான் நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். சின்ன வயதிலிருந்தே நீ தவறவிட்ட ஒன்றை விட்டு நகரமாட்டாய். பரீட்சையில் ஒரு கணக்கு வரவில்லை என்றால் மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாய், பின்னால் இருக்கும் சுலபமான ஐந்து கணக்குகள் அப்படியே கிடக்கும். மோர்ஸ் அந்தக் குணத்தை மன்னிக்காது. 20 சொல் வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 எழுத்து, அதாவது ஓர் எழுத்துக்கு 0.6 செகண்டு. ‘இது எல் எழுத்தா, எஃப் எழுத்தா’ என்று இரண்டு செகண்டு யோசித்தாயானால் மூன்று எழுத்து போய்விட்டது. அந்த மூன்று என்ன என்று யோசித்தால் இன்னும் நான்கு போகும். ஒரே ஒரு எழுத்து தெரியாமல் ஒரு முழு வாக்கியத்தையும் இழப்பவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள்.

ஆகவே தெரியாத எழுத்து வந்தால் தாளில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். முடிந்தபின் பார்த்தால் பாதி காலியிடங்கள் தாமாகவே நிரம்பும்: ‘நே-ம்’ என்று இருந்தால் நடுவில் என்ன என்று உனக்கே தெரியும். நிரம்பாதவை பெரும்பாலும் கால்சைனிலும் (நிலையத்தின் அழைப்புக் குறியிலும்) ஊர்ப் பெயரிலும்தான் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு கேள்விக்குறி அடித்தால், டி-டி-டா-டா-டி-டிட், எதிரில் இருப்பவர் மறுபடி அனுப்புவார். அதில் அவமானம் ஒன்றுமில்லை. அலை மங்கும், பக்கத்தில் இன்னொருவர் ஏறி அடிப்பார், இடி மின்னல் கரகரக்கும். எத்தனை வருடம் பழகியவருக்கும் எழுத்து விழத்தான் செய்யும். அவரும் கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

சில எழுத்துகள் உன்னைப் படுத்தும். எஸ், எச், ஐந்து ஒரு கூட்டம். யு, வி, நான்கு இன்னொரு கூட்டம். எல்லும் எஃப்பும், கியூவும் ஒய்யும் ஜோடியாக வந்து குழப்பும். குழப்பும் இரண்டை மட்டும் எடுத்து ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிக் கேள்.

பிறகு ஒருநாள் முன்னேற்றம் நின்றுபோகும். பத்துப் பன்னிரண்டு சொல் வேகத்தில் வாரக்கணக்காக அசையாமல் நிற்பாய். இது இன்று நேற்று வந்த விஷயம் இல்லை. 1897இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தந்தி கற்பவர்களை வாரம் வாரமாக அளந்து வரைபடம் போட்டார்கள். அனுப்பும் திறன் சீராக ஏறுகிறது. வாங்கும் திறன், அதாவது கேட்டு எழுதும் திறன், கொஞ்சம் ஏறி, நடுவில் நெடுநாள் தட்டையாகக் கிடந்து, பிறகு மறுபடி ஏறுகிறது. அந்தத் தட்டையான நாட்களில் ஆள் எழுத்து எழுத்தாகக் கேட்பதிலிருந்து சொல் சொல்லாகக் கேட்பதற்கு மாறிக்கொண்டிருக்கிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த நாட்களில் தாறுமாறான எழுத்துக் கூட்டங்களை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன முழுச் சொற்களைக் கேள். பேனாவையும் கீழே வைத்துவிட்டுக் கேள்.

அனுப்புவது சுலபம் என்பதாலேயே அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீ எந்த வேகத்தில் அடிக்கிறாயோ அந்த வேகத்தில்தான் பதில் வரும், அதுதான் மரியாதை. எனவே வாங்க முடிந்த வேகத்துக்கு மேல் அனுப்பாதே. பேடில் (இரு பக்கமும் அழுத்தும் சாவி) வாங்கினால் அதோடு சேரும் எலக்ட்ரானிக் கீயர் புள்ளியையும் கோட்டையும் அளவாகப் போட்டுத் தரும். ஆனால் எழுத்துக்கு நடுவே மூன்று புள்ளி அளவு, சொல்லுக்கு நடுவே ஏழு புள்ளி அளவு இடைவெளி விடுவது உன் வேலை. அதைச் சுருக்கினால் ஈயும் (டிட்) டீயும் (டா) ஒட்டிக்கொண்டு ஏ (டி-டா) ஆகிவிடும். மேலும் கீழும் அழுத்தும் பழைய நேர்க்கீதான் வேண்டும் என்றால் விரல் நுனியால் கொத்தாதே. முன்கை மேசையில் படியட்டும், அசைவு மணிக்கட்டில் இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் இது எதற்கு என்று உன் அப்பா கேட்டாராமே. எஸ்ஓஎஸ் தவிர ஓர் எழுத்தும் தெரியாமல் என்னோடு இத்தனை வருடம் ஓட்டியவர் அவர், கேட்கட்டும். 30 மெகாஹெர்ட்சுக்குக் கீழே பேச மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயம் 2003இல் ஜெனீவா மாநாட்டோடு போயிற்று. அந்தந்த நாடு முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் ஆட்கள் கற்பதற்குக் காரணம் கணக்குத்தான். குரலை அனுப்பும் எஸ்எஸ்பி முறையில் 2,400 ஹெர்ட்ஸ் அகலமாவது வேண்டும். மோர்ஸ் அனுப்பும் சிடபிள்யூ முறைக்கு 150 ஹெர்ட்ஸ் அளவில் முடிந்துவிடும். அதே சக்தி குறுகலான இடத்தில் குவிகிறது, கேட்பவரும் வடிகட்டியைக் குறுக்கி இரைச்சலை வெளியே தள்ளலாம். ஐந்து வாட்டில், சன்னலுக்கு வெளியே ஒரு கம்பி கட்டிக்கொண்டு, கண்டம் தாண்டிப் பேசுகிறார்கள். பெரிய ஆன்டெனா போட உனக்கு அங்கே இடமில்லை என்றாய், அப்படியென்றால் மற்றவர்களைவிட உனக்குத்தான் இது அதிகம் வேண்டும்.

எல்லா எழுத்தும் வந்தபின்தான் வானொலி அலையில் ஏறுவேன் என்று காத்திருக்காதே. முதல் உரையாடலில் வருவது பெரும்பாலும் ஒரே வரிசைதான்: சிகியூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு), கால்சைன், வணக்கம், சிக்னல் ரிப்போர்ட் (எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் எண்), பெயர், இடம், என்ன ரேடியோ, என்ன ஆன்டெனா, வானிலை, 73 (வாழ்த்துகள்). அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதால் பாதி வேலை முடிந்தது. அதற்கு முன் சில மாலைகள் சும்மா கேள். அடித்துப் பார்க்கும் தைரியம் வந்ததும் கியூஆர்எஸ் (மெதுவாக அனுப்பு) என்று அடித்தால் எதிரில் இருப்பவர் வேகத்தைக் குறைப்பார். குறைக்காதவரோடு பேச வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் என்னோடுதான் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்கக்கூடாது என்றும் இல்லை. உனக்கு ஒழிந்த ஒரு ஞாயிறு, உனக்கும் எனக்கும் பகலாக இருக்கும் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதி அனுப்பு. 14.055 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பேன், யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஓரிரு கிலோஹெர்ட்ஸ் மேலே தேடு. எட்டுச் சொல் வேகத்தில் உன் கால்சைனை அழைக்கிறேன். அலை ஒத்துழைக்காவிட்டால் அடுத்த ஞாயிறு.

ரிப்போர்ட்டை மட்டும் உண்மையாகக் கொடு. போட்டிகளில் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 599, அதாவது முழு மதிப்பெண், போடுவார்கள். நான் உனக்கு மங்கலாக, 339 ஆகக் கேட்டால் 339 என்றே அடி. அம்மா என்று பார்த்து மதிப்பெண் கூட்டிப் போட்டால் இந்தக் கம்பியை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்புடன்,
அம்மா