641 என்னும் காரணி

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். 32 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295 என்று தொலைபேசியில் நீ சொன்னபோது, அதைவிட இரண்டு கூடுதலான 4294967297-ஐப் பற்றி உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இந்த எண் வரும். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டினால் முன்னே வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதால், அடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640இல் நம்பினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. 1732இல், 25 வயதே ஆன கணித அறிஞர் ஆய்லர், 4294967297 என்பது 641 × 6700417 என்று காட்டிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்ப்பதென்றால், அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் சோதிக்கவேண்டியிருக்கலாம். ஆனால் p என்ற பகா எண் நம் எண்ணை வகுக்குமானால், p-ஆல் வகுக்கும்போது 2-இன் 32ஆம் அடுக்கு −1-ஐயும் 64ஆம் அடுக்கு 1-ஐயும் மீதியாகத் தரும். முதன்முதலில் 1 மீதி வரும் அடுக்கு 64-ஐ வகுக்கவேண்டும், 32-ஐ வகுக்கக்கூடாது; ஆகவே 64-க்கு முந்தைய எந்த அடுக்கும் 1-ஐ மீதியாகத் தராது. அப்படியானால், p−1 என்பது 64-இன் மடங்காக இருந்தே தீரவேண்டும். இந்தக் கடைசிப் படிக்கு ஆதாரம், 2-இன் (p−1)ஆம் அடுக்கை ஒற்றைப் பகா எண் p-ஆல் வகுத்தால் மீதி 1 என்று சொல்லும் ஃபெர்மாவின் சிறிய தேற்றம்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: கருவி அவர் கையிலேயே இருந்தது! 64-இன் மடங்கோடு ஒன்று கூடிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

பெருக்கிப் பார்க்காமலேயே இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 640 என்பது 5 × 128. அது 641-க்கு ஒன்று குறைவு என்பதால், அதன் நான்காம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த நான்காம் அடுக்கு, 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதற்குச் சமம். 625-ஓ 641-க்கு 16 குறைவு. ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16-ஐ வைத்தாலும் மீதி மாறாது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு அல்லவா, அதனால் 2-இன் 32ஆம் அடுக்கின் எதிர்மம் 1-ஐ மீதியாகத் தருகிறது என்றாகிறது. அதாவது, அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 641-ஆல் மீதியின்றி வகுபடும்.

எஞ்சிய 6700417 பகா எண்தான். 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் வேறொரு பகா எண் உண்டா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

வரிசையில் நம் எண்ணுக்கு அடுத்ததான, 2-இன் 64ஆம் அடுக்கோடு ஒன்று கூடிய 18446744073709551617-ஐ 1880இல் காரணிப்படுத்திய லான்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரருக்கு அப்போது வயது 82. எனவே உன் அப்பாவுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. அதன் சிறிய காரணி 274177. அதற்கு 128-இன் மடங்கோடு ஒன்று கூடிய எண்களைத் தேடவேண்டும். 2142ஆவது மடங்கில்தான் அது அகப்படும். நிரல் எழுதாமல், தாளில் சில படிகளாவது போட்டுப் பார்.

அன்புடன்,
அப்பா