மியாசவா வஞ்சகி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின் பாத்திரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் இருக்கும் பெண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, 'இரட்டை வேடக்காரிகள்' என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். இந்தத் தொடர்களைப் பார்த்தே வளர்ந்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அவர் முதலில் குற்றம் சாட்டுவது யுகினோ மியாசவாவை. 1998இல் கைனாக்ஸ் தயாரித்து ஹிடேயாகி அன்னோ இயக்கிய 'கரேகானோ' தொடரின் நாயகி அவள். பள்ளியில் நல்ல மதிப்பெண், அடக்கம், எல்லோருக்கும் உதவி. வீட்டில் பழைய டிராக் சூட், அலட்சியமாகக் கட்டிய தலை, பாராட்டு என்றால் உயிரை விடும் குணம். உடன் படிக்கும் அரிமா ஒரு சிடியைக் கொடுக்க வீட்டுக்கு வந்த அன்று குட்டு உடைந்துவிடுகிறது. கட்டுரையாளர் அதோடு நிறுத்திக்கொண்டார். கதையே அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. மியாசவா யாரையும் கவிழ்க்க நடிக்கவில்லை. புகழுக்கு ஆசைப்பட்டு வீட்டில் மறைவாக உழைத்துப் படிக்கிறாள். அந்த உழைப்பு நிஜம், அந்த மதிப்பெண்ணும் நிஜம். பிறகு தானாகவே வேடத்தைக் கலைத்துவிட்டு இயல்பாக இருக்கத் தொடங்குகிறாள். உடனே வகுப்புப் பெண்கள் ஒன்றுசேர்ந்து அவளை ஒதுக்கிவைக்கிறார்கள்! அவள் நடித்த வரைக்கும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் அவர்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அரிமாவின் கதை இன்னும் வலிக்கும். பெற்றவர்கள் கைவிட்டதால் பெரியப்பா வீட்டில் வளர்கிறான். சொந்தக்காரர்களுக்கு அவன் மேல் எப்போதும் ஒரு இளக்காரம். வளர்த்தவர்களுக்குத் தன்னால் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று குறையே இல்லாத பிள்ளையாக நடமாடுகிறான். இதைப் போய் வஞ்சகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வஞ்சகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2017இல் வந்த 'கிளாஸ்ரூம் ஆஃப் தி எலைட்' தொடரின் குஷிடாவைப் பாருங்கள். வகுப்பில் எல்லோருக்கும் தோழி. தனியாக இருக்கும்போது உடன் படிக்கும் ஹோரிகிட்டாவைத் திட்டித் தீர்க்கிறாள். அதை வகுப்புத் தோழன் அயனோகோஜி பார்த்துவிட்டதும், வெளியே சொன்னால் உன் மேல் பொய்ப் புகார் கொடுப்பேன் என்று மிரட்டுகிறாள். அன்பாகப் பேசிக் கறந்த ரகசியங்களை வைத்து முன்பு படித்த வகுப்பையே சிதைத்தவள் அவள். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது என்றால் இதுதான். 'டெத் நோட்' தொடரின் லைட் யாகமியும் அப்படியே. கீரா என்ற மர்மக் கொலைகாரனைப் பிடிக்க அலையும் குழுவுக்குத் தலைவர் அவனுடைய அப்பா. அதே குழுவில் உட்கார்ந்துகொண்டு உதவுவதாகக் காட்டுகிறான், தானே கீராவாக இருந்துகொண்டு. இவர்கள் காட்டும் நல்ல முகத்தை நம்பியவர்கள் அழிகிறார்கள். மியாசவாவை நம்பி அப்படி அழிந்தவர் யார்?

'ஹிமோட்டோ! உமாரு-சான்' தொடரின் நாயகி உமாருவைப் பற்றி எழுதியதில் பாதி நியாயம் உண்டு. வெளியில் தேவதையாக இருப்பவள் வீட்டில் தொப்பி வைத்த போர்வையைப் போட்டுக்கொண்டு கோலாவும் சிப்ஸுமாக உருளுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அது அவள் வீடு. ஆனால் அவளைத் தேடி வரும் கிரியே, அந்தக் கோலத்தில் இருப்பவளை உமாருவின் தங்கை என்று நினைத்துப் பழகுகிறாள். கூச்ச சுபாவமுள்ள ஒரு தோழியை அப்படியே நம்பவிட்டது தப்புதான். சமையலையும் துப்புரவையும் அண்ணன் தலையில் கட்டுவது அதைவிடப் பெரிய தப்பு.

பார்வையாளர்களான நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேமரா பள்ளிக்கும் போகிறது, வீட்டுக்குள்ளும் வருகிறது. போதாததற்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் உமாருவைக் குள்ளமாக, குட்டி பொம்மை மாதிரி வரைகிறார்கள், குரலும் மாறிவிடுகிறது. பார்ப்பவருக்கு வேறு ஆளாகவே தெரிகிறது. 'ஹோரிமியா' தொடரில் அந்த மிகை கிடையாது. பள்ளியில் பளிச்சென்று இருக்கும் ஹோரி, வீட்டில் ஒப்பனை இல்லாமல் தம்பியைக் கவனித்துக்கொண்டு வீட்டு வேலை செய்கிறாள். அவளையும் இதே வரிசையில் சேர்த்திருப்பதைப் பார்த்துக் கோபமே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையில் ஓர் ஆண் பெயர்கூட இல்லை. 'ஸ்பை ஃபேமிலி'யின் லாய்ட், உளவு வேலைக்காகவே அனாதை இல்லத்திலிருந்து குழந்தையைத் தத்தெடுத்து, அதற்காகவே கல்யாணமும் செய்துகொண்டு, மனைவியிடம் தினமும் பொய் சொல்கிறான். அவனைக் கொண்டாடுகிறோம். எனக்கும் அவனைப் பிடிக்கும். அவனுக்குக் காட்டும் பொறுமையில் கொஞ்சம் மியாசவாவுக்கும் காட்டினால் என்ன?

இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் 'கரேகானோ'வின் 26 அத்தியாயங்களையும் முழுதாகப் பார்த்துவிட்டு எழுதும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். லைட்டையும் லாய்டையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மதுரை