புது ஆம்ப் வாங்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பீக்கர் இரண்டும் நல்ல சாமான்தான், வைத்திருக்கும் இடம்தான் சரியில்லை. ஒன்று அலமாரித் தட்டுக்குள்ளே புத்தகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று மூலையில் சுவரோடு ஒட்டி நிற்கிறது. பேஸ் என்கிற கனத்த தாழ்ஒலி குமுறுகிறது, பாடுகிறவர் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, 50 வாட் ஆம்பை, அதாவது ஆம்ப்ளிஃபயரை, மாற்றி 100 வாட் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல், அதாவது சத்தத்தை அளக்கும் கணக்கில் 3 படி. கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் 10 மடங்காக வேண்டும். உனக்குக் குறைவது சத்தம் இல்லையே. அறைதான் ஒலியைக் குழப்புகிறது. பெரிய ஆம்ப் வந்தால் இதே குமுறல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

உயர்ந்த ஸ்தாயி ஒலி டார்ச் வெளிச்சம் போல முன்பக்கமாகப் போகும். பேஸ் அப்படியில்லை, எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வந்து நேராக வருவதோடு சேர்ந்துகொள்ளும். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஏற்றிவிடும். உன் வலது ஸ்பீக்கர் மூலையிலும் இடது ஸ்பீக்கர் தட்டிலும் இருப்பதால் இரண்டும் இரண்டு விதமாகப் பாடுகின்றன. அதனால்தான் குரல் நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது.

முதலில் இரண்டையும் அலமாரியிலிருந்து வெளியே எடு. ஸ்டாண்டோ உறுதியான ஸ்டூலோ எதுவானாலும் சரி, ஆடக் கூடாது. நீ உட்காரும்போது காது எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஸ்தாயி ஒலி தரும் சின்ன வட்டம், வர வேண்டும். சாதாரண நாற்காலியில் தரையிலிருந்து 90 முதல் 110 சென்டிமீட்டருக்குள் இருக்கும், டேப் வைத்து அளந்துவிடு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 2 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உன் தலைக்கும் 2 மீட்டர். சமபக்க முக்கோணம். கண்ணால் பார்த்துச் சரி என்று விடாதே, நூல் பிடித்து அளந்து பார். ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் கிட்டே இருந்தாலே குரல் அந்தப் பக்கம் சாயும்.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது, ஆனால் கணக்கு உண்டு. ஸ்பீக்கரின் முகப்புக்கும் பின்சுவருக்கும் இடையே 1 மீட்டர் என்றால், பின்னால் போன ஒலி 2 மீட்டர் அதிகம் பயணம் செய்து திரும்புகிறது. 86 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 86 தடவை அதிரும் அலைக்கு அது சரியாக அரை அலைநீளம், அதனால் இரண்டும் எதிரெதிராக மோதி அந்தச் சுரம் மெலிந்துபோகும். 50 சென்டிமீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 170 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும், அங்கே ஆண்குரலின் உடம்பு இருக்கிறது. 60 சென்டிமீட்டரில் ஆரம்பி. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, 10 சென்டிமீட்டர் முன்னால், 10 சென்டிமீட்டர் பின்னால் என்று நகர்த்திக் கேள். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் ஒரே பலத்தில் கேட்கும் இடம் கிடைத்தால் தரையில் டேப் ஒட்டிவிடு. பக்கச் சுவருக்கான தூரமும் பின்சுவருக்கான தூரமும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும். ஸ்பீக்கரின் பின்னால் காற்றுத் துளை இருந்து, அறை சிறியதாக இருப்பதால் தள்ளவே முடியவில்லை என்றால், துளையில் சுருட்டிய காலுறையை லேசாகச் செருகிப் பார். பேஸ் அடங்கும்.

நாற்காலியும் இதில் பாதி. 4 மீட்டர் நீள அறையில் முதல் அறை ஒத்ததிர்வு, அதாவது சுவர்களுக்கு நடுவில் ஒலி தானே பெருகும் சுரம், 43 ஹெர்ட்ஸில் வரும். உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் தலையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது பெருத்துக் கேட்கும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். உன் சோபா அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது, குமுறலில் பாதி அங்கேதான் பிறக்கிறது. அதிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னால் நகர்த்து. இடமில்லை என்றால் 50 சென்டிமீட்டராவது.

அடுத்தது கண்ணாடி வித்தை. நீ உன் இடத்தில் உட்கார்ந்துகொள், யாரையாவது முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்தச் சொல். கண்ணாடியில் ஸ்பீக்கரின் ட்வீட்டர் தெரிகிற இடத்தில்தான் ஒலி எகிறி உன் காதுக்கு வருகிறது. அங்கே கனமான திரையோ, புத்தகங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கிய அலமாரியோ இருந்தால் குரல் உடனே தெளியும். மெல்லிய துணி போதாது, அது ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஸ்தாயி ஒலியை, மட்டும் உறிஞ்சிவிட்டு மற்றதை விட்டுவிடும். தரையில் ஸ்பீக்கருக்கும் உனக்கும் நடுவில் தடித்த விரிப்பு ஒன்று போடு. கைதட்டும்போது 'ட்ர்ர்ர்' என்று உலோகச் சத்தம் வந்தால் எதிரெதிர் சுவர்கள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன என்று அர்த்தம்.

ஒயர் விஷயத்தில் ஏமாறாதே. 3 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளம். போகவர இரண்டு கம்பியும் சேர்ந்து மின்தடை 0.07 ஓம் அளவுதான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. அதைவிட நீளம் என்றாலோ 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ 2.5 சதுர மில்லிமீட்டர் வாங்கு. ஆம்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு வேலை செய். முனையில் 10 மில்லிமீட்டர் உறையை உரித்து, இழைகளை இறுக முறுக்கு. ஒரே ஒரு இழை வெளியே நீட்டி அடுத்த முனையைத் தொட்டால் ஷார்ட் ஆகி ஆம்ப் தற்காப்புக்காகத் தானே நின்றுவிடும், இல்லை புகைந்துவிடும். ஒயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ இருக்கும், இரண்டு ஸ்பீக்கரிலும் அது சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒன்றில் மாறிப்போனால் பேஸ் மெலியும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. சோதிப்பது சுலபம். ஆம்பில் மோனோ பட்டன் (இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலியை அனுப்புவது) இருந்தால் அழுத்தி ஒருவர் பேசுவதைக் கேள். வெறுமையான நடுவிலிருந்து ஒற்றைப் புள்ளியாகக் குரல் வர வேண்டும்.

ப்ளூடூத் பற்றிக் கேட்டிருந்தாய். சிடியின் ஓட்டம் நொடிக்கு 1411 கிலோபிட், ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பும் அடிப்படை முறையான எஸ்பிசி அதிகபட்சம் 328 அளவில் நிற்கும். வித்தியாசம் உண்டுதான், ஆனால் ஸ்பீக்கரை ஒரு சாண் நகர்த்துவதில் வரும் வித்தியாசத்துக்கு முன்னால் அது சின்னது. போனில் சத்தத்தை முழுசாகவோ அதற்கு ஒரு படி கீழாகவோ வைத்துவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஆம்பில் செய். ஈக்வலைசர், 'சரவுண்ட்' என்று போனில் இருப்பதையெல்லாம் அணை. இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்க்கிறாய் என்றால் முதலில் சத்த அளவைச் சமமாக்கு. 1 டெசிபல் கூடுதலாக இருக்கிறதே நல்லது என்று காது சொல்லிவிடும், கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

லேப்டாப்பை இணைத்தால் 'உம்ம்' என்று இரைகிறது என்றாயே, அதைக் கண்டுபிடிக்க ஒழுங்கு இருக்கிறது. ஆம்பிலிருந்து எல்லா இன்புட்டையும் கழற்று. இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்பில். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நிற்கிறது என்றால் அது எர்த் சுற்று, இரண்டு பாதையில் எர்த் போய் நடுவில் மின்சாரம் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பார். போகவில்லையா, லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாக ஆப்டிகல் அவுட் தரும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கு, ஆம்பில் ஆப்டிகல் இன்புட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். ஆப்டிகலில் போவது வெளிச்சம் என்பதால் மின்தொடர்பே அறுந்துபோகும். சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். இரைச்சல் போகும், ஆனால் உள்ளே ஏதாவது கழன்று பெட்டியில் பட்டால் அந்த மின்சாரம் உன் கைவழியே போகும். அதை மட்டும் செய்யவே செய்யாதே.

சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர், மேல் ஆசை இருந்தால் இத்தனையும் முடிந்த பிறகு வைத்துக்கொள். இடம் தேட ஒரு வழி உண்டு: சப்பை உன் சோபாவின் மேலேயே தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நீ தரையில் சுவரோரமாகத் தவழ்ந்து போ. எந்த இடத்தில் பேஸ் குமுறாமல், மெலியாமல் கேட்கிறதோ அங்கே சப்பை இறக்கு. க்ராஸோவர், அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். பின்னால் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும், இரண்டிலும் வைத்துக் கேட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிடு. சத்தத்தை மட்டும் சப் இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைத்து வை.

தவழும்போது கதவைச் சாத்திக்கொள்.

அன்புடன்,
அம்மா