எல்லாம் போன பிறகுதான் திருந்த வேண்டுமா?

ஆசிரியருக்கு,

குடியிலிருந்து மீண்டவர்களின் அனுபவங்களைச் சென்ற இதழில் படித்தேன். வேலை போய், வீடு போய், தெருவில் விழுந்து கிடந்த பிறகுதான் விழிப்பு வந்தது என்று பலரும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் படிக்கும் குடும்பங்கள் என்ன முடிவுக்கு வருவார்களோ என்று பயமாக இருக்கிறது. ‘பட்டால்தான் புத்தி வரும், முழுசா விழட்டும், தானா எழுந்திருப்பான்’ என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் எங்கே போய் முடிகிறது என்று பார்த்திருக்கிறேன்.

நிலத்தை விற்று, மனைவி பிள்ளைகள் பிரிந்து போய், கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து வந்து சேர்வார்கள். இதற்குக் கீழே போக இடமே இல்லை என்று நமக்குத் தோன்றும். அதே ஆள் சாயங்காலம், கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியோடு வார்டிலிருந்து நழுவிப்போய் ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். எல்லாம் போனதே அவருக்குக் குடிக்க இன்னொரு காரணமாகியிருக்கும். வேறொருவர் கொத்தனார். வேலை இருந்தது, குடும்பமும் கூடவே இருந்தது. ஒருநாள் அவருடைய சின்ன மகள், ‘அப்பா வண்டியில ஏற மாட்டேன், நான் பஸ்ஸுல போறேன்’ என்று சொல்லிவிட்டாள். காலில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போட வந்தவர் அதைச் சொல்லி அழுதார். அன்றே அவரை மனநலப் பிரிவு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். குடியை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் அவர் விழுந்ததாகவே சொல்லமாட்டார்கள்.

ஆக, விழிப்பு வரும் இடம் ஒவ்வொருவருக்கும் வேறு. அதுதான் கடைசிப் படி என்று திரும்பி வந்த பிறகுதான் சொல்ல முடிகிறது. எத்தனையோ பேருக்கு அதற்குள் உயிர் போய்விடுகிறது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் குடிநோய்க்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று பலரும் அறிந்தது அதுதான். கணவரை இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு அவர் எடுத்த முடிவு அது. அந்தக் கணவருக்குத் திரும்பி வர நேரமே கிடைக்கவில்லை.

குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பங்குத் தரகர் பில் வில்சன், குடித்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். தன் கதையைச் சொன்னார். அதுவரை யாருடைய அறிவுரையும் எடுபடாத மருத்துவர், தன்னைப் போலவே குடித்த ஒருவர் பேசியதும் காதுகொடுத்தார். அதற்குப் பிறகும் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். கடைசியாக அவர் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் அந்த அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. தொடக்கத்தில் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் இழந்தவர்கள்தான். போகப்போக, வேலையும் குடும்பமும் கையில் இருக்கும்போதே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் அங்கே தகுதி. எவ்வளவு இழந்தாய் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. கட்டணமும் கிடையாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இன்றோடு விட்டேன்’ என்று குடிப்பவர் சொன்னதும் வீட்டில் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். தினமும் அதிகமாகக் குடித்தவருக்கு இது ஆபத்து. மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, மது திடீரென்று நின்றதும் கட்டுமீறித் துடிக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் மறக்கும், உடம்பு கொதிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் சாவுகூட நேரும். திருந்த முடிவெடுத்த மனிதரை அந்த வாரத்திலேயே இழப்பதைவிடக் கொடுமை எது? தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்துக்கான மாத்திரைகளும் மருத்துவர் பார்வையில் கொடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று வரும் விளம்பரங்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது நல்ல மருந்துதான், தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு. கோயிலில் கயிறு கட்டுவதையும் மாலை போடுவதையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த நாட்களில் குடிக்காமல் இருக்கிறாரே, அப்போதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாலையைக் கழற்றும் வரை காத்திருக்காதீர்கள்.

குடித்துவிட்டு வரும் ராத்திரியில் பேசிப் பயனில்லை, சண்டைதான் வரும். கை நடுங்கும் காலையில், வண்டியிலிருந்து விழுந்து கட்டுப் போட்ட மறுநாளில், சம்பளம் வரவில்லை என்று தலைகுனிந்து நிற்கும்போது பேசுங்கள். ‘வா, போகலாம், நானும் வரேன்’ என்றால் போதும். அவர் கடனை நீங்கள் அடைக்காதீர்கள், அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய்யும் சொல்லாதீர்கள். ஆனால் அவர் கையை விட்டுவிடாதீர்கள். விட்டவர் மறுபடி சறுக்கினாலும் இதே மாதிரி கூப்பிடுங்கள்.

இதுபோன்ற கட்டுரைகளின் அடியில் உதவி எண்களையும் அச்சிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். என் கடிதம் முழுவதற்கும் இடம் இல்லையென்றால் இந்த இரண்டு எண்களையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தேனி மாவட்டம்.