ஆய்வேட்டுப் படங்களும் கோப்பின் அளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வேடுகளை லாடெக் (LaTeX) என்ற மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். பிடிஎஃப் கோப்பு இத்தனை எம்.பி.க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு விதிக்கும் பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகள், எந்தப் படத்தை எந்த வடிவில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. மாணவர்களோ கடைசி நாளில் முழுக் கோப்பையும் ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றிச் சுருக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அண்மையில் என்னிடம் வந்த தாவரவியல் ஆய்வேடு ஒன்று 140 எம்.பி. இருந்தது. இலைக் குறுக்குவெட்டின் நுண்ணோக்கிப் படங்களைக் கேமரா, நுணுக்கத்தைச் சிறிது விட்டுச் சுருக்கும் ஜேபெக் (JPEG) வடிவிலேயே தந்திருந்தும், தரம் கூடும் என்று நம்பி அந்த மாணவி அனைத்தையும், எதையும் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜி (PNG) வடிவுக்கு மாற்றியிருந்தார். ஜேபெக்காகும்போதே போய்விட்ட நுணுக்கம் இதனால் திரும்பி வராது, கோப்பு மட்டுமே பல மடங்கு பெருக்கும். மூல ஜேபெக்கைக் கொடுத்தால் லாடெக் அதை அப்படியே பிடிஎஃப்பில் பொதிந்துவிடும். தவிர, 4000 பிக்சல் அகலப் படம் பக்கத்தில் 3 அங்குலத்துக்குத்தான் அச்சாகிறது என்றால், அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் 900 பிக்சலே போதும். உயரமும் அதே விகிதத்தில் குறைவதால், மொத்தப் பிக்சல்கள் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகிவிடும்.

அதே ஆய்வேட்டின் வரைபடங்களில் தவறு நேர்மாறானது. திரையைப் படம்பிடித்து ஜேபெக்காகச் சேமித்ததில் எண்களைச் சுற்றிச் சாம்பல் கசிவு படர்ந்து, 3-ஆ 8-ஆ என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும் ஜேபெக், நிறம் மெல்ல மாறும் புகைப்படத்துக்கு ஏற்றது. வெள்ளைத் தாளில் கூர்மையாக நிற்கும் கோட்டுக்கும் எழுத்துக்கும் ஏற்றதன்று. வரைந்த மென்பொருளிலிருந்தே பிடிஎஃப்பாக எடுத்தால் கோடு பிக்சல்களாக மாறாமல் கோடாகவே பதிவாகும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, சில பத்து கே.பி.யில் முடிந்துவிடும். (பல்லாயிரம் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் வரைபடம் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பிஎன்ஜிதான் சிக்கனம்.)

இவ்வளவையும் மாற்றியபின் கோப்பு 9 எம்.பி.க்கு வந்தது. முடிந்த கோப்பைச் சுருக்கும் தளங்களோ பெரும்பாலும் புகைப்படம், எண் என்று பாராமல் எல்லாப் படங்களையும் ஒன்றுபோல நசுக்குகின்றன. இன்னும் வெளிவராத ஆய்வை முன்பின் தெரியாதவர் கணினிக்கு அனுப்புகிறோம் என்பதும் யாருக்கும் உறைப்பதில்லை. ஆகவே, வரம்பைச் சொல்லும் சுற்றறிக்கையுடன் பட வடிவங்கள் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்து, மாணவர் முதல் படத்தை எடுக்கும் முன்பே நெறியாளர் வழியாக அவருக்குக் கிடைக்கச் செய்யுமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
திருச்சி.