செஸ் செய்தியில் நகர்த்தல்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செஸ் செய்தி என்றால் ‘இத்தனையாவது நகர்த்தலில் வென்றார்’ என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. ஆட்டம் எங்கே திரும்பியது என்பதல்லவா படிப்பவருக்கு வேண்டும்?

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில், ஆர்மீனிய கிராண்ட்மாஸ்டர் ஆரோனியனை ஆனந்த் கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் வீழ்த்தினார். ஆட்டத்தின் தொடக்க முறை, செமி-ஸ்லாவில் மெரான் வகை. 12-வது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) வந்து எச்7 சிப்பாயைக் குறிவைத்தது. ஆனந்த் அதைக் காக்கவில்லை. சிப்பாயை சி5-க்கு நகர்த்தி நடுப்பகுதியைத் திறந்தார். குதிரை எச்7-ஐ வெட்டியதும் தன் குதிரையை ஜி4-க்கு நகர்த்தினார்.

15-ல் ஆனந்தின் பிஷப் சி5-க்கு. 16-ல் இன்னொரு குதிரை ஈ5-க்கு, அதுவும் வெள்ளையின் எஃப்4 சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில்! வெட்டினால் கறுப்பு ராணி வெள்ளையின் டி4 சிப்பாயை எடுத்துச் செக். ராஜா எச்1-க்குப் போனதும் ராணி ஜி1-ல் செக். சி5 பிஷப் காவல் இருப்பதால் ராஜா ராணியை வெட்ட முடியாது, யானைதான் வெட்டவேண்டும். உடனே எஃப்2-ல் குதிரை வைத்து மேட், அதாவது ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. கற்கும் பிள்ளைகள் பலர் ‘ராணி போகிறதே’ என்று கணக்கை இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.

முக்கிய ஆட்டங்களுக்காவது முழு நகர்த்தல்களையும், திருப்புமுனை நிலையின் ஒரு பலகைப் படத்தையும் வெளியிடுங்கள். நகர்த்தல் எண்ணும் கட்டத்தின் பெயரும் தவறாமல் இருக்கவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பலகையில் வைத்துப் பார்ப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இப்படிக்கு,
செஸ் பயிற்சியாளர், மதுரை