பிளீடரை முதலில் மாற்று, கயல்

கயல் கண்ணு,

தாத்தா கட்டிய ஹாம் ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவும் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்டென்சரின் ஒவ்வொரு காலிலும் ஈயம் எவ்வளவு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னாள். அவளுக்கே தெரிகிறது. தாத்தா இருந்திருந்தால் அந்தப் படத்தைத் தெருவெல்லாம் காட்டியிருப்பார்.

ஆனால் என் கண் போனது வேறு இடத்துக்கு. பவர் சப்ளை மூலையில், ஃபில்டர் கண்டென்சருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு பெரிய ரெசிஸ்டர் படுத்திருக்கிறதே, அதன் நடுவில் பூச்சு வெடித்துக் கருத்திருக்கிறது. அதுதான் பிளீடர், செட்டை அணைத்ததும் கண்டென்சரில் தங்கும் மின்சாரத்தை வடித்துவிடுவது. உள்ளே கம்பி அறுந்திருந்தால், நீ ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் 600 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கையை விடாதே. சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டாலும் அடிக்கும்.

இன்னொன்று, அந்தப் படங்கள் எடுத்த நேரம் ராத்திரி 2.10 என்று போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு என்ன வேலைம்மா? சரி, அதை அப்புறம் பேசலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போல இருக்கிறது என்று ரேடியோவில் கேட்டவர்கள் சொன்னார்களே, அதில் தப்பில்லை. தாத்தா வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினார். ஆடியோ பகுதியில் ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் போகும் கண்டென்சர் எல்லாம் 0.001 மைக்ரோஃபாரட். அடுத்த வால்வுக்குள் குரல் நுழையும் இடமான கிரிட்டில் இருக்கும் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம். கணக்குப் போட்டுப் பார், 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரல் சரிய ஆரம்பித்துவிடும். அப்படி மூன்று இடம் வரிசையாக இருந்தால் என்ன மிஞ்சும்? பெண் குரலின் அடிநாதமே 200 ஹெர்ட்ஸ் பக்கம்தான். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு தூரத்துக்குப் போக அவருக்கு அது போதுமானதாக இருந்தது. உனக்குக் குரல் குரலாகக் கேட்க வேண்டும், அதுவும் நியாயம்தான். மூன்றையும் 0.01 ஆக்கு. 0.1 போடாதே. குரலை ரேடியோ அலையில் ஏற்றும் அந்த மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் சின்னது, கனத்த சத்தத்தை உள்ளே விட்டால் அதன் இரும்புக் கோர் காந்தத்தில் நிறைந்து குரல் உடையும். போதாததற்கு கரண்ட்டின் உறுமல், அந்த ஹம்மும் கூடவே ஏறிவரும்.

மைக் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கிரிஸ்டல் மைக்குக்கு உள்ளே இருப்பது ஒரு வகை உப்பு. 55 டிகிரி தாண்டினால் செத்துவிடும், ஈரமும் ஆகாது. தொரப்பாடி வீட்டு மாடியில், அந்தத் தகரக் கொட்டகைக்குள், எத்தனை சித்திரை வெயிலைத் தாங்கியிருக்கும் அது. செராமிக் மைக் கிடைத்தால் போடு. கிரிட்டில் இருக்கும் ரெசிஸ்டரை 5 மெகா ஓம் ஆக்கு, குறைவாக இருந்தால் அங்கேயும் கனம் போய்விடும்.

குரலின் மேல் பகுதி மந்தமாக இருப்பதற்குக் காரணம் வேறு. ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெரிய வால்வு 807, அதன் உள்வலைகளில் ஒன்றான ஸ்கிரீனில் 0.01 மைக்ரோஃபாரட் இருப்பது படத்தில் தெரிகிறது. பிளேட்டோடு சேர்ந்து ஸ்கிரீனும் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். இவ்வளவு பெரிய கண்டென்சர் அங்கே இருந்தால் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்தை எல்லாம் எர்த்துக்கு இழுத்துவிடும். 0.001 போதும். இதை நீயே கண்டுபிடித்திருப்பாய், நான்தான் அவசரப்படுகிறேன்.

ஹம் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் ஃபில்டர் கண்டென்சர் வறண்டுவிட்டது என்று அர்த்தம். அதைத் தொடும் முன் பிளீடர். பிளீடரைத் தொடும் முன் காய்ந்த மரக்குச்சி நுனியில் கம்பி கட்டி, மறுமுனையைச் செட்டின் உலோகச் சட்டமான சேஸிஸில் இறுக்கிவிட்டு, கண்டென்சரைத் தொட்டு இறக்கு. பிறகு மீட்டர் வைத்துப் பார். ஒரு கை பின்னால் இருக்கட்டும். காலில் செருப்பு இருக்கட்டும். 807 தலையில் இருக்கும் தொப்பி வெளியே தெரியும்படிதான் இருக்கிறது. நீ மைக்கில் பேசும்போது அதற்கு வரும் சப்ளையே 600 இரட்டித்து 1200 வோல்ட் வரைக்கும் போய்வரும். செட் ஓடும்போது அறையில் இன்னொரு ஆள் இருக்கவேண்டும், மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரிந்த ஆள். மாப்பிள்ளைக்குக் காட்டியிருக்கிறாயா?

ஆடிக் கிருத்திகைக்கு வருவதாகச் சொன்னாய். ரத்தினகிரிக்கு நாங்கள் இரண்டு பேரும் அத்தையும்தான் போனோம். அத்தை கேட்டாள், ஆபீஸில் வேலை என்று சொல்லிவைத்தேன். நீ சித்தப்பாவுக்குப் போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினாயாம், அதுவும் வால்வு விலை பற்றி. என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேனா? இந்தச் செட்டைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றவர் அவர். வீட்டைக் கொடுத்தபோது ஒற்றை ஆளாகப் பெங்களூருக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனவள் நீ. 1985-இல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் தாத்தா அங்கே பொறுக்கி வாங்கிய 807 இன்னும் எரிகிறது என்றால் உன்னால்தான். அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை.

வேலை முடிந்ததும் ஆன்டெனாவில் மாட்டிவிடாதே. 60 வாட் குண்டு பல்பை லோடாக வைத்துப் பேசிப்பார். லோடு இல்லாமல் மட்டும் பேசாதே, டிரான்ஸ்பார்மர் உள்ளே பொறி பறந்து எரிந்துவிடும், அதைத் திரும்பச் சுற்றித்தர இப்போது ஆள் கிடையாது. அலையைப் படமாகக் காட்டும் ஸ்கோப்பில் சரிவகம் வரும். குரலை ஏற்ற ஏற்ற ஒரு பக்கம் ஒடுங்கி முக்கோணமாகும், அதுதான் நூறு சதவீதம். முனையிலிருந்து கோடு நீண்டால் குரலைச் சுமக்கும் கேரியர் அலை அறுபடுகிறது, இறக்கிவிடு. 3000 ஹெர்ட்ஸோடு நிறுத்தினாலே 6 கிலோ ஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். நாற்பது மீட்டர் அலைவரிசையில் நமக்கு இருப்பதே 7000-த்திலிருந்து 7200 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான், பக்கத்தில் பேசுகிறவர்களையும் பார்க்கவேண்டும்.

இதெல்லாம் பகலில். ராத்திரி வேண்டாம். தூக்கம் வரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, நானும் அந்த நேரத்தில் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதையும் சொல்லவேண்டும் என்று இல்லை, வால்வு பற்றியே பேசலாம். மாப்பிள்ளை பற்றி நீ கொஞ்ச நாளாக எதுவும் எழுதுவதில்லை, நானும் கேட்கவில்லை. மேஜை மேல் ஒரே ஒரு டம்ளர்தான் எல்லாப் படத்திலும் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் அந்தச் செட்டைப் போடாதே கயல். மேல் வீட்டு அம்மாவையாவது கூப்பிட்டு உட்காரவை.

25 கிலோ ஓம் பிளீடர் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். 600 வோல்ட்டில் 14 வாட்டுக்கு மேல் சூடு வரும் என்பதால் 50 வாட்டாகவே பார்த்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் பிருந்தாவன் ஏறுகிறேன், அம்மாவும் வருகிறாள், இலவம்பாடிக் கத்திரிக்காய் கட்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாள் இருப்போம் என்று முடிவு பண்ணவில்லை. ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம். நாங்கள் வரும்வரை ஃப்யூஸைக் கழற்றி உன் கைப்பையில் போட்டுவை.

அப்பா